சிக்னாகி: மலையைப் பார்த்தபடி நிற்கும் ஊர்

வெள்ளிக்கிழமை

ஜார்ஜியாவின் தலைநகரான திபிலீசியிலிருந்து கிழக்கே 110 கி.மீ. தொலைவில், காகெத்தி மாநிலத்தில், ஒரு மலைமுகட்டின் மேல் சிக்னாகி அமைந்திருக்கிறது. சம்கோரி மெட்ரோ நிலையத்தை ஒட்டிய பேருந்து நிலையத்தில், மர்ஷ்ருத்கா என்று ஊரே அழைக்கும் சிற்றுந்தைக் காலையில் பிடித்தோம். திபிலீசியில் மருத்துவம் படிக்கும் என் அண்ணன் மகள் உடன் வந்திருக்கிறாள். தமிழ்நாட்டிலிருந்து மருத்துவம் படிக்க இந்த நாட்டுக்கு வரும் பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். மருத்துவமனைப் பயிற்சியில் நோயாளிகளிடம் பேசியாக வேண்டும் என்பதால், ஜார்ஜிய மொழியையும் ஓரளவுக்குக் கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே இந்தப் பயணம் முழுவதும் நான் கேட்கும் கேள்விகள் அவள் வழியாகவே போய், பதில்கள் அவள் வழியாகவே வரப்போகின்றன.

சாலை வெகுதூரம் சமமான நிலத்தில் ஓடி, கடைசிச் சில கிலோமீட்டர்களில் வளைந்து வளைந்து ஏறி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் ஊருக்குள் நுழைகிறது. இறங்கிச் சதுக்கத்தைக் கடந்து தாழ்வான மதில் ஓரம் போய் நின்றால், கீழே அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கு கட்டம் கட்டமான திராட்சைத் தோட்டங்களாக விரிந்து கிடக்கிறது. அதற்கு அப்பால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், காக்கசஸ் பெருமலைத் தொடர் ஒரே நெடுவரிசையாக எழுந்து நிற்கிறது. அடிவாரக் காடுகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. உச்சிகளில் புதுப்பனி விழுந்திருந்தது. அந்த முகடுகளுக்குப் பின்புறம் இருப்பது ரஷ்யாவின் தாகெஸ்தான்.

ஒயின், கம்பளம், மலைக்காட்சி என்று சிக்னாகியின் பெருமைகளைச் சுற்றுலாக் கையேடுகள் தனித்தனியே அடுக்குகின்றன. இங்கு வருவதற்கு முன் இந்த ஊரைப் பற்றிப் படித்தவற்றிலிருந்து எனக்கு உண்டான எண்ணம் வேறு. ஊருக்கு மதில் எழுந்ததற்கும், தறிக்குக் கம்பளி கிடைத்ததற்கும், கொடிக்குத் தண்ணீர் வந்ததற்கும் காரணம் எதிரே நிற்கும் அந்த மலைதான். அந்த எண்ணம் சரிதானா என்று பார்ப்பதற்காகவே அவசரமில்லாமல் தங்க வந்திருக்கிறேன்.

மாலையில் மதிலைப் பார்க்கப் போனோம். கார்த்லி, காகெத்தி ஆகிய இரண்டு அரசுகளையும் 1762-இல் ஒன்றாக்கிய மன்னர் இரண்டாம் எரெக்லே, அதே காலத்தில் இந்தக் கோட்டை நகரை எழுப்பினார். ஏறத்தாழ 4.5 கி.மீ. நீளமுள்ள மதில், அதில் 23 காவல் கோபுரங்கள். 1,500 பேர்கூட வசிக்காத ஊருக்கு இத்தனை நீளமான மதில் எதற்கு என்ற கேள்வி, அதன்மேல் நடக்கும் எவருக்கும் எழும். மதில் வீடுகளைச் சுற்றி வந்து முடிந்துவிடவில்லை. ஊரை விட்டு விலகி, ஓடைகளிலும் மரச்சரிவுகளிலும் இறங்கி ஏறி, வீடே இல்லாத பெரும்பரப்பை உள்ளடக்கிக்கொண்டு திரும்புகிறது.

விடை அந்தக் காலத்து அச்சத்தில் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே தாகெஸ்தானின் மலைக்குடிகள் கணவாய்களைக் கடந்து வந்து இந்தப் பள்ளத்தாக்கைக் கொள்ளையிடுவது வழக்கமாக இருந்தது. தானியத்தையும் கால்நடையையும் மட்டுமல்லாமல் மனிதர்களையும் பிடித்துக்கொண்டு போய் அடிமைச் சந்தைகளில் விற்றார்கள். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருப்பவர்கள் செய்தி கேட்டவுடன் பிள்ளைகளோடும் மாடுகளோடும் ஓடி வந்து ஒதுங்க இடம் வேண்டும் என்பதற்காகவே எரெக்லே இவ்வளவு வெற்று நிலத்தை மதிலுக்குள் விட்டார். சுற்றியிருந்த சிற்றூர்களின் பெயர்களையே கோபுரங்களுக்கு வைத்தார்கள். எந்த ஊர்க்காரர் எந்தக் கோபுரத்துக்கு ஓட வேண்டும் என்பதில் குழப்பம் இருக்கக் கூடாதல்லவா. கோபுரம் ஒன்றின் குறுகிய மரப்படிகளில் ஏறி, அம்பு விடவும் துப்பாக்கி நீட்டவும் விட்ட துளை வழியாகப் பார்த்தேன். துளை சரியாக மலையை நோக்கி இருந்தது.

2007-க்குப் பிறகு அரசு இந்த ஊரைப் பெருஞ்செலவில் புதுப்பித்தது. சிவப்பு ஓடுகளும் செதுக்கிய மரப் பால்கனிகளும் இன்று இவ்வளவு ஒழுங்காக இருப்பதற்கு அதுவே காரணம். சில முகப்புகள் தேவைக்கு மேல் புதிதாகத் தெரிகின்றன என்பது என் கருத்து. பின்தெருக்களில் செங்கல்லும் ஆற்றுக்கல்லும் மாறி மாறி வைத்துக் கட்டிய பழைய சுவர்களே எனக்குப் பிடித்தன. காதல் நகரம் என்று பெயர் சூட்டி, இருபத்து நான்கு மணி நேரமும் திருமணம் பதிவு செய்துகொள்ளும் இல்லம் ஒன்றையும் நடத்துகிறார்கள். நாங்கள் கடந்து போனபோது ஒரு மணமக்கள் வெளியே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை

இது அறுவடைக் காலம். ருத்வேலி என்று இதற்குப் பெயர். செப்டம்பர் பாதியில் தொடங்கி அக்டோபரில் முடியும். நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள்கூட விடுப்பு எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் தங்கியிருக்கும் வீட்டாரின் தோட்டம் கீழே பள்ளத்தாக்கில் இருக்கிறது. காலையில் அவர்களோடு நாங்களும் போனோம்.

பறித்தது ருகாட்சிதேலி என்ற வெள்ளைத் திராட்சை. காகெத்தியின் முதன்மையான வெள்ளை ரகம் இதுதான். சிவப்பில் அந்த இடம் சப்பெராவிக்கு. சப்பெராவியின் தோல் மட்டுமல்ல, சதையும் சிவப்பு. ஒரு பழத்தை நசுக்கினால் விரல் கறுத்துப்போகிறது. சோப்புப் போட்டும் இந்த இரவு வரை எனக்குப் போகவில்லை. ஜார்ஜியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உள்நாட்டுத் திராட்சை ரகங்கள் உண்டு என்றாலும், சோவியத் காலத்தில் விளைச்சல் அதிகம் தரும் சிலவற்றையே கூட்டுப் பண்ணைகள் வளர்த்தன. மற்றவை வீட்டுக் கொல்லைகளில் பிழைத்துக் கிடந்தன.

தோட்டத்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால் கூழாங்கல்லும் வண்டலும் கலந்திருக்கிறது. எல்லாம் மலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து போட்டவை. வடக்கிலிருந்து வரும் கடுங்குளிரைத் தொடர் தடுத்து நிறுத்துகிறது. பனி உருகிய தண்ணீர் கோடையிலும் ஆற்றில் ஓடுகிறது. அதே மலை ஆலங்கட்டி மழையையும் அனுப்புகிறது. ஓர் ஆண்டு உழைப்பு கால் மணி நேரத்தில் போய்விடும் என்று வீட்டுக்காரர் சொன்னபோது, அவர் தலை தானாக வடக்கே திரும்பியது.

மதியத்துக்கு மேல் வீட்டுப் பின்புறத்து மரானிக்குள் போனோம். ஒயின் தயாரிக்கும் அறையை அப்படித்தான் சொல்கிறார்கள். உள்ளே பீப்பாய் எதையும் காணோம். தரையில் வட்ட வட்டமான வாய்கள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட மண்தாழி ஒன்று கழுத்துவரை புதைந்திருக்கிறது. இதுதான் குவெவ்ரி. நம் ஆதிச்சநல்லூர்த் தாழியைப் பார்த்தவர்களுக்கு இதன் வடிவத்தை விளக்க வேண்டியதில்லை. அடி மட்டும் இன்னும் கூராக இருக்கும். குயவர் சக்கரம் இல்லாமல், களிமண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்கும் உலர்ந்த பின் அடுத்ததை ஏற்றி, ஒரு பெரிய குவெவ்ரியை முடிக்க மாதங்கள் எடுத்துக்கொள்கிறார். பிறகு விறகுச் சூளையில் நாள்கணக்கில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் உட்புறம் தேன்மெழுகைத் தடவுவார்கள்.

ஒரு தாழியைக் கழுவ வேண்டியிருந்தது. உள்ளே இறங்கும் முன் வீட்டுக்காரரின் தம்பி ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, கம்பியில் கட்டிக் கீழே இறக்கினார். பழச்சாறு நொதிக்கும்போது வெளியாகும் கரியமில வாயு கனமானது, பள்ளத்தில் தங்கிவிடும். சுடர் அணைந்தால் உள்ளே போகக் கூடாது. சுடர் நின்றது. அவர் இறங்கி, செர்ரி மரப்பட்டைகளை அடுக்கி ஒரு நீண்ட கோலில் கட்டிய தேய்ப்பானால் சுவரை மேலிருந்து கீழாகத் தேய்த்தார். ஊற்றிய தண்ணீர் எப்படித் தெளிவாக இருந்ததோ அப்படியே வெளியே வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவினார்கள். கடைசித் தண்ணீரைத் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரர் தலையசைத்தார்.

காகெத்தி முறையில் சாறு மட்டும் தாழிக்குள் போவதில்லை. நசுக்கிய திராட்சையின் தோல், விதை, காம்பு எல்லாமே சேர்ந்து போகின்றன. நொதித்து மேலே எழும்பும் தோல்படலத்தை நாளுக்குப் பலமுறை கோலால் அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். அந்தக் கொதிப்பு அடங்கியதும் கல்மூடி வைத்து, விளிம்பைக் களிமண்ணால் பூசி, ஐந்தாறு மாதம் விட்டுவிடுகிறார்கள். விதைகள் கூர்மையான அடியில் போய்த் தங்க, அவற்றின் மேல் தோல் படிய, ஒயின் தானாகவே தெளிந்து நிற்கிறது. தரைக்கடியில் இருப்பதால் குளிரூட்டி எதுவும் வேண்டியதில்லை. வெள்ளைத் திராட்சையிலிருந்து இப்படி வருவது வெள்ளை ஒயின் அன்று. பொன்னிறத்தைத் தாண்டிய செந்தேன் நிறம், நாக்கின் இருபுறமும் பிடிக்கும் அழுத்தமான துவர்ப்பு.

திபிலீசிக்குத் தெற்கே கதாச்ரிலி கோரா, ஷுலாவேரி கோரா என்ற புதிய கற்கால மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளை ஆராய்ந்து, அங்கே ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பே திராட்சை ஒயின் தயாரித்திருக்கிறார்கள் என்று 2017-இல் அறிவித்தார்கள். குவெவ்ரி முறையை யுனெஸ்கோ 2013-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இந்த வீட்டாருக்கு அவற்றைவிட நினைவில் நிற்கும் ஆண்டுகள் வேறு. 1985-இல் கொர்பச்சேவ் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் கொடிகள் வேரோடு பிடுங்கப்பட்டன. 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. அது 2013 வரை நீடித்தது. எந்தச் சந்தையை நம்பி இருந்தார்களோ அது ஒரே நாளில் மூடியபோது, தரம் பார்த்து வாங்கும் நாடுகளைத் தேட வேண்டியிருந்தது. அப்போதுதான் பாட்டன் காலத்துத் தாழிகளுக்கு மறுபடியும் மதிப்பு வந்தது. இந்த ஊரில் குடியேறிய ஜான் வர்டெமன் என்ற அமெரிக்க ஓவியர், உள்ளூர் விவசாயி ஒருவருடன் சேர்ந்து 2007-இல் குவெவ்ரி ஒயின் தயாரிக்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

இரவு விருந்து நீண்டது. சுப்ரா என்ற இந்த விருந்துக்குத் தமதா என்று ஒரு தலைவர் உண்டு. அவர் எழுந்து ஒன்றைப் போற்றிப் பேசாமல் யாரும் கோப்பையைத் தொடுவதில்லை. சமாதானத்துக்கு, இறந்தவர்களுக்கு, பெற்றோருக்கு, விருந்தினருக்கு என்று வரிசை போகிறது. இறந்தவர்களுக்கான முறை வந்தபோது பேச்சு முழுதாக நின்றது. புலால் உண்ணாத எனக்கு, வால்நட் விழுது தடவிய கத்தரிக்காய்ச் சுருளும், லோபியோ என்ற பயறுக் குழம்பும், தோனே அடுப்பின் உட்சுவரில் அறைந்து சுட்ட படகு வடிவ ஷோத்தி ரொட்டியும் போதும் போதும் என்னும் அளவுக்கு இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை

ஊரிலிருந்து 2 கி.மீ. தொலைவில் போத்பே மடம். சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே நடந்தே போனோம். நான்காம் நூற்றாண்டில் கப்படோசியாவிலிருந்து வந்து ஜார்ஜியாவைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்தவர் என்று இந்த நாடே போற்றும் புனித நினோவின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. திராட்சைக் கொடித்தண்டு இரண்டை எடுத்து, தன் கூந்தலால் பிணைத்து அவர் செய்துகொண்ட சிலுவை அவருடைய அடையாளம். கைகள் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்த அந்தச் சிலுவையை இந்த நாட்டின் கோயில்களில் எங்கும் பார்க்கலாம். புதிய மதம்கூட இங்கே திராட்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டுதான் நுழைந்திருக்கிறது.

கல்லறை இருக்கும் சிற்றறையில் ஒரு சமயத்தில் சிலரே நிற்க முடியும். ஞாயிறு வழிபாடு முடிந்து வரிசையில் வந்தவர்கள் பளிங்குப் பலகையில் நெற்றி வைத்து எழுந்தார்கள். சோவியத் ஆட்சி 1924-இல் இந்த மடத்தை மூடி மருத்துவமனை ஆக்கியது. கன்னிமாடம் மறுபடியும் தொடங்கியது 1991-இல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே ஒரு பள்ளி நடத்திப் பெண்களுக்குத் தையலும் ஓவியமும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இப்போதும் கன்னியர் தோட்ட வேலையும் கைவேலையும் செய்கிறார்கள். செங்குத்தான படிகளில் வெகுதூரம் இறங்கிப் போனால் நினோவின் ஊற்று இருக்கிறது. வெள்ளை அங்கி அணிந்து, நடுக்கும் குளிர்நீரில் முங்கி எழுகிறார்கள். அண்ணன் மகள் ஒரு குப்பியில் நீர் பிடித்துக்கொண்டாள். விடுதித் தோழிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாளாம்.

அருங்காட்சியகம் திங்கள்கிழமை மூடியிருக்கும் என்பதால் பிற்பகலிலேயே போய்விட்டோம். தேசிய அருங்காட்சியகத்தின் கிளையான இதில் நிக்கோ பிரோஸ்மானிக்கென ஒரு கூடம் உண்டு. 1862-இல் சிக்னாகிக்கு அருகிலுள்ள மிர்சானி என்ற சிற்றூரில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, திபிலீசியின் மதுக்கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி, உணவுக்கும் ஒயினுக்கும் படம் வரைந்து கொடுத்து, 1918-இல் யாரும் கவனிக்காமல் இறந்தவர். எண்ணெய்த்துணியின் கறுப்பை அப்படியே இருளாக விட்டுவிட்டு, வெளிச்சம் விழும் இடத்துக்கு மட்டும் வண்ணம் வைப்பார். அவருடைய விருந்துப் படங்களில் மேசை விரிப்பின் வெண்மை இரவிலிருந்து எழுந்து வருவது போலத் தோன்றும். நேற்று நான் அமர்ந்த மேசையை நூறாண்டுக்கு முன்பே அவர் வரைந்துவிட்டார் என்று சொல்வது மிகையாகாது: அதே ரொட்டி, அதே கொம்புக் கோப்பை, எழுந்து நிற்கும் அதே தமதா.

திங்கட்கிழமை

இன்றைய நாள் முழுவதும் கம்பளங்களுக்கே போனது. போனதில் எனக்கு நிறைவு.

சதுக்கத்திலிருந்து மேலேறும் தெருவில் பால்கனிக் கம்பிகளிலும் சுவர்களிலும் கம்பளங்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எல்லாமே இந்த ஊரில் நெய்தவை என்று எண்ணி வாங்கிச் செல்வோர் உண்டு. உண்மையில் அவை பல திசைகளிலிருந்து வருகின்றன: மலையின் துஷேத்திப் பகுதியைச் சேர்ந்தவை, ஜார்ஜியாவின் தெற்கே அஜர்பைஜானியர் நெய்யும் போர்ச்சாலோ வகை, தாகெஸ்தானின் பழைய விரிப்புகள், இவற்றோடு இயந்திரத்தில் செய்தவையும். முதல் கடைக்காரரே நேர்மையாக அதைச் சொல்லிவிட்டு, பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கச் சொன்னார். கையால் நெய்ததில் பின்பக்கமும் முன்பக்கத்தின் வடிவத்தை அதே தெளிவோடு காட்டும். முடிச்சுகள் சிறிது முன்பின்னாக இருக்கும். குஞ்சம் தனியாகத் தைத்து ஒட்டியதாக இல்லாமல் பாவு நூலின் தொடர்ச்சியாகவே இருக்க வேண்டும். மயிர்க்கற்றையைப் பிரித்துப் பார்த்து, நுனி வெளுத்தும் அடி பளிச்சென்றும் இருந்தால் சாயத்தில் சந்தேகம் கொள்ளலாம். நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்தால் வண்ணம் ஒட்டக் கூடாது. பிரிந்த ஒரு நூலைக் கொளுத்தினால், கம்பளி மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். செயற்கை இழை உருகி உருண்டையாகும்.

தெருவின் மேல்கோடியில் ஒரு வீட்டின் முன்னறையில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் தறியில் இருந்தார். அண்ணன் மகள் போய்ப் பேசியதும், உட்காரச் சொல்லி நாற்காலி நகர்த்தினார். நிமிர்ந்து நிற்கும் தறி. பாவு இழை இரண்டை விரலால் இழுத்து, அவற்றைச் சுற்றிக் கம்பளி நூலைக் கோத்து, இரு முனைகளையும் நடுவே வெளியே இழுத்து, இடக்கைக் கத்தியால் அறுக்கிறார். காக்கசஸ் முழுவதும் இதே இரட்டைச் சுற்று முடிச்சுதான். ஒரு வரிசை முடிந்ததும் ஊடை ஓட்டி, கனமான இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குகிறார். அடி விழும்போதெல்லாம் தறியோடு தரையும் அதிர்ந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் வளர்ந்த கம்பளம் ஒரு விரல் கனம்கூட இருக்காது.

"வரைபடம் எதுவும் இல்லையே, சித்தப்பா, எண்ணிக்கை எப்படி நினைவிருக்கிறது என்று கேட்கட்டுமா?" என்றாள். கேட்டதற்கு, முந்தைய வரிசையே அடுத்த வரிசையைச் சொல்லிக்கொடுக்கும் என்று அவர் பதில் சொன்னார்.

முடிச்சுப் போட்ட மயிர்க்கம்பளம் ஒரு வகை. மயிர் இல்லாமல் தட்டையாக நெய்யும் பர்தாகி இன்னொரு வகை. துஷேத்திக்காரர்களின் பர்தாகியில் கறுப்பும் பழுப்புமான தளத்தில் ஆட்டுக்கடாவின் கொம்புச் சுருள், படிக்கட்டு, வைரம் போன்ற கோட்டு வடிவங்கள் வருகின்றன. அந்தக் கறுப்பும் பழுப்பும் பல சமயம் சாயமே இல்லை, ஆட்டின் இயற்கை நிறம். சிவப்புக்கு நம் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த செடியின் வேர். மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் வெங்காயத் தோல். பழுப்புக்கு வால்நட்டின் பச்சைத் தொலி. நீலத்துக்கு வெளியிலிருந்து வரும் அவுரியைப் பயன்படுத்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரசாயனச் சாயம் வந்ததும் இந்த அறிவு வேகமாக மங்கியது. இப்போது சில பெண்கள், பாட்டிமார் சொன்னதையும் தாமே காய்ச்சிப் பார்த்ததையும் சேர்த்து, அதைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அம்மையார் காட்டிய சிவப்பு நூற்கண்டுகள் எதுவும் ஒன்றோடொன்று ஒத்திருக்கவில்லை. ஒவ்வொரு கொப்பரையும் தனி நிறம் என்றார். தளத்தில் அந்த வேறுபாடு மெல்லிய அலைபோல ஓடுவதைக் குறை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. எனக்கு அதுவே கம்பளத்தின் உயிர்.

கம்பளி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். சீப்பைக் கீழே வைக்காமலே சன்னலைச் சுட்டினார். சன்னலில் மலை இருந்தது.

செவ்வாய்க்கிழமை

அவர் சுட்டிய திசையிலேயே இன்று போனோம். வாடகைக் காரில் அலசானிப் பள்ளத்தாக்கை நெடுக்கே கடந்து, தெலாவியைத் தாண்டி, மலையடிவாரத்திலுள்ள அல்வானி.

துஷேத்தி மக்கள் கோடையில் காக்கசஸின் உயரத்திலிருக்கும் கல்வீட்டுச் சிற்றூர்களில் வாழ்ந்து, குளிரில் இந்த அல்வானிக்கு இறங்கிவிடுகிறார்கள். மேலே போக ஒரே மோட்டார்ப் பாதைதான்: 2,800 மீட்டருக்கும் மேலான அபானோ கணவாய். ஆண்டின் பெரும்பகுதி பனியில் மூடிக் கிடக்கும் அந்தப் பாதை கோடை மாதங்களில் மட்டும் திறந்திருக்கும். 1659-இல் பாரசீகர்களுக்கு எதிராகப் பள்ளத்தாக்கு மக்கள் எழுந்த பக்த்ரியோனிப் போரில் துஷேத்தி வீரர்கள் இறங்கி வந்து உதவியதாகவும், அவர்களின் தலைவனது குதிரை ஓடி விழும் தூரம்வரை நிலம் என்று ஒப்புக்கொண்டு அல்வானி வெளியைக் கொடுத்ததாகவும் இங்கே சொல்கிறார்கள். முதல் நாள் பார்த்த மதில் மலையிலிருந்து வந்த பகைக்குச் சாட்சி என்றால், அல்வானி மலையிலிருந்து வந்த துணைக்குச் சாட்சி. இரண்டையும் பார்க்காமல் இந்த மலையைப் புரிந்துகொள்ள முடியாது என்றே எனக்குப் படுகிறது.

திரும்பும் வழியில் அலவெர்தி. பதினோராம் நூற்றாண்டுக் கதீட்ரல், 50 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பின்னணியில் மலையோடு தனியாக நிற்கிறது. துறவிகள் இன்றும் மடத்தின் குவெவ்ரிகளில் ஒயின் தயாரிக்கிறார்கள். நான் அங்கே போக விரும்பியதற்குக் காரணம் காகெத்தியின் அரசி கெத்தேவான். பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1614 முதல் காகெத்தியைப் பலமுறை அழித்து, கொடிகளை வெட்டி, பெருந்திரளான மக்களைப் பாரசீகத்துக்குக் குடிபெயர்த்தார். பணயமாகப் போன அரசி, மதம் மாற மறுத்ததால் 1624-இல் ஷிராஸில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அதைக் கண்ட அகஸ்டின் சபைப் போர்த்துகீசியத் துறவிகள் அவருடைய எலும்புகளைக் கொண்டுபோனார்கள். ஒரு பகுதி அவருடைய மகன் தெய்முராஸ் மன்னரிடம் வந்து இந்த அலவெர்தியில் வைக்கப்பட்டதாக மரபு. இன்னொரு பகுதி பழைய கோவாவின் புனித அகஸ்டின் ஆலயத்துக்குப் போனது. அங்கே இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த எலும்பை ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜ் குழுவினர் மரபணுச் சோதனை செய்து, அது அரசியினுடையதாக இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு என்று காட்டினார்கள். 2021 ஜூலையில் இந்தியா அந்த எலும்பின் ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்கு வழங்கியது. நாங்கள் இந்தியர்கள் என்று தெரிந்ததும் மெழுகுவர்த்தி விற்கும் பெண்மணி எழுந்து நின்று கெத்தேவானின் பெயரைச் சொன்னார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

சிக்னாகிக்கு ஏறும் சாலைக்கு முன், ஓர் ஆட்டு மந்தைக்காக வெகுநேரம் நின்றோம். கோடை முழுவதும் துஷேத்தியில் மேய்ந்த மந்தைகள் அக்டோபரில் கணவாயைக் கடந்து இறங்கி, அலசானியையும் தாண்டி, தென்கிழக்கே ஷிராக்கிச் சமவெளியிலும் வஷ்லோவானியிலும் குளிரைக் கழிக்கப் போகின்றன. காதறுத்த பெரிய காவல் நாய்கள் இருபுறமும் வந்தன. நொண்டும் ஆடுகள் மட்டும் பின்னால் ஒரு லாரியில். மேய்ப்பரில் ஒருவர் கார்க் கண்ணாடி அருகே வந்து, ஆட்டுத்தோல் பையில் முதிர வைக்கும் குடா பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு கொடுத்தார். உப்பும் காரமும் கலந்த கடுமையான சுவை. பாலாடைக்கட்டிக்கும் உயிராட்டுக்கும் விலை உண்டு, கம்பளிக்கு இல்லை என்றார். மயிர் வெட்டும் கூலிக்குக்கூடக் கட்டாததால் பலர் அதை எரிக்கவோ எறியவோ செய்கிறார்களாம். நேற்று அந்தத் தறியில் ஒவ்வோர் இழைக்கும் கிடைத்த மரியாதையைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, அதைக் கேட்டு மனம் கனத்துப் போனது.

புதன்கிழமை

பிற்பகல் வண்டியில் திபிலீசிக்குத் திரும்புகிறோம். காலையில் நேராகத் தறி வீட்டுக்குப் போனோம். சுவரோரம் மடித்து வைத்திருந்தவற்றில் ஒரு சிறிய பர்தாகியை எடுத்தேன்: பழுப்புத் தளம், நடுவே மூன்று கொம்புச் சுருள்கள், ஓரத்தில் மட்டும் சிவப்பு. அம்மையார் சொன்ன விலையை அப்படியே கொடுத்தேன். நெய்யப் பிடித்த நாட்களைக் கணக்கிட்டுப் பார்த்தால் அது குறைந்த கூலி. இந்த ஊரில் பேரம் பேசுவது தவறன்று. ஆனால் கடைத்தெருவில் பேசுங்கள், தறியின் முன்னால் பேசாதீர்கள் என்று இங்கே வரப்போகிறவர்களைக் கேட்டுக்கொள்வேன்.

மேய்ப்பர் சொன்னதை அவரிடம் சொல்லச் சொன்னேன். அவருக்கு அது புதிதாக இல்லை. அல்வானியில் உறவுக்காரப் பெண்கள் சிலர், எறியப்போகிற கம்பளியில் நல்லதைப் பொறுக்கி வாங்கி, குளிர்காலத்தில் தக்கிளியில் நூற்று இவரைப் போன்றவர்களுக்கு அனுப்புகிறார்கள். வாங்குகிறவர்கள் இன்னும் சிலர் கிடைத்தால் இன்னும் சில மந்தைகளின் கம்பளி தப்பும் என்றார். இந்த வாரக் கடைசியில் அடுத்த மூட்டை வருகிறதாம். அதற்குச் சாயமேற்றுவதற்கென வாசலில் ஒரு சாக்கு நிறைய வால்நட் தொலி வைத்திருந்தார். அது காய்ந்து நிறம் இறங்குவதற்குள் ஊறப்போட வேண்டும் என்பதால், எங்களை வழியனுப்பிய கையோடு கொப்பரைக்குத் தண்ணீர் நிரப்பத் தொடங்கிவிட்டார்.